ஊசி போட்டவர்கள் மட்டும்

12.6.2023 திங்கள்

என் பெயர் குட்டியண்ணன். வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதுகிறேன்.

மேலே உள்ள மூன்று வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பப் படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. இன்னொரு தடவையும் படித்தேன்.

13.6.2023 செவ்வாய்

சாரல் வந்தது. களத்தில் காய்ந்த கொப்பரையைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். மூடி முடித்ததும் வெயில் வந்தது. திறந்தேன்.

15.6.2023 வியாழன்

முதியோர் வகுப்பு டீச்சர் வசந்தாமணி நோட்டைப் பார்த்தார். "பரவால்லீங், எழுத்து நிமுந்து நிக்குது" என்றார். "எழுதறப்ப புஸ்தகத்துல இருக்கற மாதிரி எழுதுங்க. யாராச்சும் பேசினா மட்டும் அவிய பேசினபடியே எழுதுங்க" என்றார்.

அந்த வகுப்பில் முதலில் பெயர் கொடுத்தது என் வீட்டுக்காரி மயிலாத்தாள். இரண்டு நாள் போனாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. நடக்க முடியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாள். போனவன் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது.

இன்று அவள் பெயரை எழுதிக் காட்டினேன்.

"இதுல நான் எங்க இருக்கறன்?"

"முழுசும் நீதான் புள்ள."

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கடைசி எழுத்தைத் தொட்டு, "இதுக்கும் என்னையாட்டவே கால் வளைஞ்சு இருக்குது" என்றாள்.

அவள் கால் உண்மையிலேயே வளைந்துவிட்டது. முன்பக்க எலும்பு வில் மாதிரி வெளியே தள்ளியிருக்கிறது. அந்த இடம் எப்போதும் சூடாக இருக்கிறது. மத்தியானம் புரட்டிப் போட்ட கொப்பரை அளவு சூடு. வீட்டுப் பூனைக்கு அது தெரிந்துவிட்டது. அவள் படுத்தால் அந்தக் காலோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. நான் பக்கத்தில் போனால் என்னைப் பார்த்துச் சீறுகிறது. நாற்பத்தெட்டு வருஷமாக நான் படுத்த கட்டில் அது.

17.6.2023 சனி

பொள்ளாச்சி டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். மயிலாத்தாளின் காலைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் தொட்டுப் பார்த்தார். டாக்டர் தொடத்தான் வேண்டும். ஆனால் இவருக்கு வயது முப்பது கூட இருக்காது.

"ரெண்டுல ஒண்ணுங்க" என்றார். "ஒண்ணு, வயசானவங்களுக்கு எலும்பு தானா தடிச்சுக் கோணிக்கற சீக்கு. அதுக்கு மருந்து இருக்குது, பயமில்லை. இன்னொண்ணு..." இன்னொன்றையும் சொன்னார். கோவையில் எலும்பு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த இன்னொன்றை நான் இங்கே எழுதவில்லை. எழுதத் தெரியும். நாலு எழுத்துதான்.

18.6.2023 ஞாயிறு

கொப்பரை புரட்டினேன். காக்கை எட்டு. கோழி முட்டை இரண்டு. மயிலாத்தாள் சாப்பிடவில்லை. நானும்.

21.6.2023 புதன்

நேற்று கோவையில் நடந்ததை இன்று இரண்டு தவணையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பலகைகளை எல்லாம் நான்தான் படித்தேன். மருந்தகம். கட்டணம் செலுத்துமிடம். செருப்பு அணியக்கூடாது. மயிலாத்தாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி அவள் வந்ததில்லை. பஸ் பலகை தெரியாமல் யாரையாவது கேட்டுக்கொண்டு முன்னால் போகிறவள் அவள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை.

கடைசிப் பலகை, அணு மருத்துவப் பிரிவு.

"அணுன்னா குண்டுதான புள்ள?" என்றேன்.

"குண்டு போடறதுக்கா இத்தன தூரம் கூட்டியாந்தீங்?" என்றாள்.

ஒரு தாள் கொடுத்தார்கள். உடன் வந்தவர் பெயர், உறவு, கையொப்பம். பெயர் எழுதினேன். உறவு என்ற இடத்தில் புருஷன் என்று எழுதினேன். அங்கிருந்த பெண், "தாத்தா, கை நாட்டு வெச்சாலும் போதுங்க, பின்னால ஆளுக நிக்கறாங்க" என்றது. நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும் என்று கையெழுத்தும் போட்டேன். அப்படி ஒரு தாளில் நான் போட்ட முதல் கையெழுத்து.

மயிலாத்தாளுக்குக் கையில் ஒரு ஊசி போட்டார்கள். அது எலும்புக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகுமாம். அதுவரை நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு ஓர் அறையில் இருக்க வேண்டும். நானும் கூடப் போனேன். அறைக் கதவில் எழுதியிருந்தது. ஊசி போட்டவர்கள் மட்டும்.

நானே படித்தேன். யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படித்துவிட்டு வெளியே நின்றுகொண்டேன்.

கட்டிக்கொண்டு போன இட்லி என் மடியில் இருந்தது. கதவு பாதிக்கு மேல் கண்ணாடி. உள்ளே ஏழெட்டுப் பேர் நாற்காலியில். எல்லாரும் தண்ணீர் பாட்டிலும் கையுமாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரு ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். தலை நரைத்திருந்தது, மீசைக்கு மை. அவன் பேசுவது வெளியே கேட்டது.

"ஊசி போட்டாச்சா அம்மிணி? அப்ப டிக்கெட் எடுத்தாச்சு. ஏறினவங்க எல்லாம் உள்ள தள்ளிப் போங்க. வழியில பாத்ரூம் ஒரே ஸ்டாப்புதான், ஆனா வண்டி அங்க பத்துத் தடவை நிக்கும்."

யாரோ சிரித்தார்கள்.

"அரை மணி நேரமா ஏறி உக்காந்திருக்கறோம், இன்னும் வண்டிய எடுக்க மாட்டீங்கறானே. ரைட், ரைட்!"

அப்போது மயிலாத்தாள் சிரித்தாள். அவள் சிரித்தால் கடைசியில் விக்கல் மாதிரி ஒன்று வரும். அது வந்தது. எங்கள் வீட்டில் அதை எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். கால் வலி வந்த பிறகு கேட்கவில்லை. அதற்கு முன்பு எப்போது என்றும் நினைவில்லை.

மூன்று மணி நேரம். ஒன்பது தடவை சிரித்தாள். இட்லி காய்ந்துவிட்டது.

ஸ்கேன் அரை மணியில் முடிந்தது. "கட்டல்ல படுக்க வெச்சாங்க, அது மெதுவா ஊந்து போச்சு, தூங்கிட்டனுங்" என்றாள். இன்றைக்கு ஒரு நாள் குழந்தைகள், மாசமாக இருக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று நர்ஸ் சொன்னது. "நானுங்?" என்று கேட்டேன். "தாத்தா நீங்களும் கொஞ்சம் தள்ளியே இருங்களே" என்று சிரித்தது. தாளிலும் ஏதோ எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்தால் அது விதி.

பொள்ளாச்சி பஸ்ஸில் மயிலாத்தாளை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் மூன்று சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த ஆளும் அதே பஸ்ஸில் ஏறினான். கிணத்துக்கடவுக்காரனாம். பெயர் மாசிலாமணி. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பஸ் கண்டக்டர் அவனைப் பார்த்ததும் சலாம் வைத்தார்.

மயிலாத்தாள் அவனைக் கூப்பிட்டாள். "இங்க வந்து உக்காருங். கைப்புள்ளைக்காரி யாராச்சும் வந்து பக்கத்துல உக்காந்துட்டா என்ன பண்றது? உங்களுக்கும் ஊசி, எனக்கும் ஊசி."

அதில் தப்பு இல்லை. விதிப்படி சரிதான். அவன் உட்கார்ந்தான். கிணத்துக்கடவு வரைக்கும் நான் இரண்டு முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

22.6.2023 வியாழன்

காலையிலிருந்து கண்டக்டர் சொன்னார், கண்டக்டர் சொன்னார் என்கிறாள். தண்ணீர் நிறையக் குடித்தால் ஊசி மருந்து சீக்கிரம் வெளியே போய்விடும் என்று கண்டக்டர் சொன்னாராம். இதை எனக்கு நர்ஸும் சொன்னது. அது அவளுக்கு நினைவில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் வேற்று ஆளை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் கண்டக்டர் என்கிறாள். ஏன் அண்ணா என்று சொல்லவில்லை?

அவளுக்கு ஒரே அண்ணன். போய்ச் சேர்ந்து இருபது வருஷம். அதற்குப் பிறகு தைப் பொங்கல் நோம்பிக்கு எங்கள் வீட்டுக்குச் சீர் கொண்டுவர யாரும் இல்லை. அதிலிருந்து அவள் யாரையும் அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. அது ஒரு காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

24.6.2023 சனி

கடைக்குப் போய் மீசைக்கு மை வாங்கினேன். போட்டுப் பார்த்தேன்.

"என்னங் இது, கரி அப்பிக்கிச்சு?" என்றாள்.

கழுவிவிட்டேன்.

27.6.2023 செவ்வாய்

இன்று முடிவு தெரிந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். கேன்சர் இல்லை. இப்போது அந்த வார்த்தையை எழுதலாம். கேன்சர் இல்லை. கேன்சர் இல்லை.

இனி நடந்தது. கவுண்டரில் மயிலாத்தாளிடம் ஒரு பெரிய கவர் கொடுத்தார்கள். நான் கை நீட்டினேன். பேருக்குப் படிக்கத் தெரிந்த ஆள் நான்தானே. பிரித்தால் எல்லாம் இங்கிலீஷ். ஓர் எழுத்து கூட எனக்குச் சொந்தமில்லை. டாக்டர் கூப்பிட ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

மயிலாத்தாள் என் கையிலிருந்து தாளை வாங்கினாள். பெஞ்சின் அந்தக் கோடியில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் ஒரு கவர். நேராகப் போய் அவனிடம் கொடுத்தாள்.

அவன் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ் வரை படித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சேலை முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிக் கயிறாக்கிவிட்டாள்.

"அம்மிணி, ஊட்டுக்குப் போய்ப் பாயாசம் வைங்க" என்றான். "கேன்சர்னு எங்கயும் எழுதலை. இது வேற சீக்கு. கால் எலும்போட நிக்குது."

அவள் அவனைக் கும்பிட்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தச் செய்தியை அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மாதம் அகல் விளக்கு வைத்துப் படிக்காத குறையாகப் படித்தது எதற்கு?

தன் கவரை அவன் பிரிக்கவே இல்லை. மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டான். இங்கிலீஷ் தெரிந்த திமிர்.

டாக்டர் அம்மா எங்களுக்குப் படத்தைக் காட்டினார். மயிலாத்தாளின் எலும்புகள் முன்புறமும் பின்புறமும் நின்றன. மண்டை, விலா, இடுப்பு, எல்லாம் சாம்பல் நிறம். வலது கால் எலும்பு மட்டும் மையில் முக்கி எடுத்த மாதிரி கறுப்பு.

"எலும்பு தெனமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் கட்டும்" என்றார். "இந்தக் கால்ல மட்டும் அதுக்கு அவசரம். இடிக்கறதும் வேகம், கட்டறதும் வேகம். அவசரத்துல கட்டின செவுரு கோணலாத்தானே நிக்கும்? எங்க வேலை அதிகமோ அங்க நாம போட்ட ஊசி மருந்து போய் ஒட்டிக்கும். அதான் கறுப்பு. கேன்சர் பரவியிருந்தா உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருந்திருக்கும்."

அந்த நோய்க்குப் பெயர் பேஜட். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு வருஷத்தில் நான் பார்க்காத அவள் எலும்பை ஸ்கேன் எடுத்தவர், டாக்டர் அம்மா, கவுண்டர் பெண், எல்லாரும் எனக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள். கண்டக்டர் படித்தே விட்டான்.

5.7.2023 புதன்

நேற்று மறுபடி கோவை. பாட்டிலில் மருந்தைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் கையில் ஏற்றினார்கள். எலும்பின் அவசரத்தை அது அடக்குமாம். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்று அவளுக்குக் காய்ச்சல். வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கஞ்சி வைத்தேன். அடி பிடித்துவிட்டது. "நல்லாருக்குதுங்" என்று குடித்தாள்.

6.7.2023 வியாழன்

காய்ச்சல் விட்டது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் நான் இருந்தபோது போன் அடித்தது. மாசிலாமணி. நம்பரை இவள் எப்போது கொடுத்தாள் என்று தெரியவில்லை.

"அம்மிணிக்கு எப்படிங் இருக்குது?"

"தூங்கறா" என்றேன்.

வேறு ஏதோ கேட்டான். நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. வைத்துவிட்டேன்.

11.7.2023 செவ்வாய்

இன்று களத்தில் வேலை அதிகம். கோவைக்குப் போகிறவர்கள் போவார்கள்.

23.8.2023 புதன்

பூனை கட்டிலை விட்டு இறங்கிவிட்டது. மூன்று நாளாக அடுப்பு மேடையில்தான் படுக்கிறது. மயிலாத்தாளின் காலைத் தொட்டுப் பார்த்தேன். மற்றக் கால் மாதிரியே இருந்தது. குளிர்ந்துவிட்டது. டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. பூனைக்கு அடுத்தபடி.

கால் வளைவு போகாது. வலி பாதி போய்விட்டது.

12.10.2023 வியாழன்

"அந்தக் கண்டக்டர் போனே பண்றதில்லீங்களே. நல்லாருக்கறாரோ என்னமோ" என்றாள்.

"அவனுக்கென்ன கொறைச்சல்" என்றேன்.

"ஒரு எட்டு நாமளே பண்ணிப் பாக்கலாமா?"

பேட்டரி இல்லை என்றேன். இருந்தது.

18.12.2023 திங்கள்

நாளை ஸ்கேன். சட்டை தேய்த்து வைத்தேன். வகுப்பில் பதினைந்து நாளாக இங்கிலீஷ் எழுத்து சொல்லித் தருகிறார்கள். ஏ முதல் எம் வரை தெரியும். அந்தக் கவரில் எம் வரைக்குமாவது நான் பார்ப்பேன்.

அவனும் வருவான் என்று நினைக்கிறேன். சொல்வதற்கு இரண்டு வேடிக்கை யோசித்து வைத்திருக்கிறேன்.

19.12.2023 செவ்வாய்

பலகை எல்லாம் இந்தத் தடவை வேகமாகப் படித்தேன். மயிலாத்தாள் சட்டையைப் பிடிக்கவில்லை. கால் வலி குறைந்ததால் முன்னால் நடந்தாள். ஊசி போட்டார்கள். அறைக்குள் போனாள். நான் வெளியே உட்கார்ந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் இல்லை. நிம்மதியாக இருந்தது என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை. யோசித்து வைத்த இரண்டு வேடிக்கையும் வீணாயிற்று.

பிறகு கவுண்டர் பக்கம் ஒரு குரல். திரும்பினால் முதலில் அன்று பஸ்ஸில் முதுகுப்பக்கம் பார்த்த அந்தச் சட்டைதான் அடையாளம் தெரிந்தது. அதற்குள் இருந்த ஆளைத் தெரியவில்லை. பாதியாகிவிட்டான். மீசை வெள்ளை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கவுண்டரைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்றதால் என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டது.

"யாருமில்லீங்க. ஊட்டுக்காரி இல்லை. பையன் துபாய்ல."

"ஜூலைலயும் இதேதான் சொன்னீங்க. இது ஸ்கேன் ஊசி இல்லீங்கய்யா, எலும்பு வலிக்குப் போடற ஊசி. கூட ஒரு ஆள் கையெழுத்துப் போடாம போட மாட்டாங்கன்னு அப்பவே திருப்பி அனுப்பினோம். அஞ்சு மாசமா எப்படித்தான் வலியத் தாங்கினீங்களோ. தெரிஞ்சவங்க ஒருத்தர் கூடவா கெடைக்கலை?"

"ஒருத்தருக்குப் போன் பண்ணிக் கேட்டனுங்க. அவிய நம்பர் மாத்தப் போறதாச் சொன்னாங்க."

ஜூலை ஆறாம் தேதி எழுதியதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அவன் கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. "செவ்வாக்கிழமை நீங்க கோவைப் பக்கம் வருவீங்களா? ஒரு சின்ன ஒத்தாசை" என்று கேட்டான். "நாங்க வரமாட்டோம். இந்த நம்பரும் மாத்தப் போறோம்" என்றேன். நம்பர் மாற்றவில்லை. அதே நம்பர்தான்.

எழுந்து போனேன். "நான் வந்திருக்கறனுங்க" என்று நர்ஸிடம் சொன்னேன்.

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதே தாள். பெயர் எழுதினேன். அடுத்து உறவு. போன தடவை புருஷன் என்று எழுதிய கட்டம். பேனா நின்றது. சிநேகிதன் என்று எழுதினால் பொய். தெரிந்தவர் என்று எழுதினால் ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள்.

மச்சான் என்று எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் அதில் இருக்கும் சௌகரியம் தெரிந்தது. எனக்கு மச்சான் என்றால் மயிலாத்தாளுக்கு அண்ணன். இனி எத்தனை மணி நேரம் ஒரே அறையில் உட்கார்ந்து சிரித்தாலும் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை இழுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். மூக்கை உறிஞ்சினார்.

"அப்ப தை நோம்பிக்குச் சீர் கொண்டாரோணுமா மாப்ள?"

"கொண்டாந்துதான் ஆகோணும். எழுதியாச்சல்ல?"

"சேலை என்ன கலருங்க?"

"செவப்பு. அவளுக்குச் செவப்புதான் எடுப்பு."

கூப்பிடும் வரை பெஞ்சில் உட்கார்ந்தோம். தன் கவரைப் பிரித்துப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு ஆளின் எலும்பு முழுவதும் மிளகு கொட்டிய மாதிரி புள்ளிகள். முதுகுத்தண்டில், விலாவில், இடுப்பில், தோளில்.

"பாருங்க மாப்ள, எத்தனை ஸ்டாப்புன்னு. எங்க வண்டி எக்ஸ்பிரஸ்ஸுன்னு நெனச்சு ஏறினேன். இது நிக்காத எடமே இல்லை."

நான் சிரித்தேன். அவர் சொன்னதற்கு நான் முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான். சிரித்த பிறகு வாயை மூட முடியவில்லை. கண்ணும் அப்படியே.

"ஜூன் மாசமும் இப்படியேதான் இருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"இப்படியேதான். நம்முளுது தெரிஞ்ச கதை. அன்னிக்கு நல்ல சேதி உங்க கவர்லதான் இருந்துது. அதைப் படிச்சாப் போதும்னு விட்டுட்டேன்."

வலி ஊசி போட்டவர்களையும் அதே அறையில்தான் உட்கார வைக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் வாங்க மயிலாத்தாள் கதவுக்கு வந்தாள்.

"ரெண்டா புடி" என்றேன். "உங்கண்ணன் உள்ள வர்றாரு. குடிக்க வெச்சுப் பாத்துக்க."

"எனக்கேதுங்க அண்ணன்?"

"எழுதியாச்சு" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த மாசிலாமணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். வளைந்த காலோடு அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. "வாங்கண்ணா, பாத்து வாங்கண்ணா" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கதவு மூடிக்கொண்டது. நான் பலகைக்குக் கீழே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ரைட் ரைட் என்று கேட்டது. சத்தம் பாதிதான் இருந்தது. மயிலாத்தாள் சிரித்தாள். விக்கலும் வந்தது.

வயிறு எரிந்தது. முன்பு போல இல்லை. ஆனாலும் எரிந்தது.

26.12.2023 செவ்வாய்

மயிலாத்தாளின் படம் வந்தது. காலில் இருந்த கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. எம் வரைக்கும் உள்ள எழுத்துகளை எல்லாம் கண்டுபிடித்தேன். நிறைய இருந்தன. மற்றதை மச்சான் படித்துச் சொன்னார்.

14.1.2024 ஞாயிறு

காலை பத்து மணிக்குப் பொள்ளாச்சி பஸ் எங்கள் ஊர் முக்கில் நின்றது. இறங்குகிறவர்கள் யாரும் இல்லை. அந்த பஸ் கண்டக்டர் இறங்கி என்னைத் தேடி வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தார். "மாசிலாமணி அண்ணன் குடுத்துவுட்டாருங்க. அவரால வர முடியலை. வண்டி நிக்குது" என்று ஓடினார்.

பையில் ஒரு சேலை, வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து. மேலே ஒரு சீட்டு. தமிழில் பெரிய பெரிய எழுத்தாக, எனக்காகவே எழுதிய மாதிரி இருந்தது. மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளுக்கு நான் படித்தேன். யாரையும் கேட்கவில்லை.

"தங்கச்சி மயிலாத்தாளுக்கு அண்ணன் மாசிலாமணியின் தை நோம்பிச் சீர். வலி குறைவாக இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லவும், இருபத்து மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்து வேண்டும்."

"இன்னொருக்கா படிங்க" என்றாள். படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள்.

சேலை நீலம். சிவப்பு என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நாற்பத்தெட்டு வருஷமாக நான் எடுத்துக் கொடுத்தது எல்லாம் சிவப்பு.

"எப்படிங் இருக்குது?"

"சுமார்" என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.